நல்லதம்பி சார்வாள் போட்ட சத்தம்

தென்காசி
1941 ஆகஸ்டு 4

அன்புள்ள மகள் ஞானப்பூவுக்கு அம்மா ரெபேக்காள் முத்தத்தோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாயிருக்கிறோம், கோலார் தங்கவயலில் நீயும் சுகமாயிருக்க ராவும் பகலும் ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர உன் கடிதம் வந்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஹர் பானு என்கிற அந்தப் பிள்ளை ஆஜர் புத்தகத்தில் மையைக் கொட்டினாள், நீ ரூல்தடியால் அடித்தாய், விரல் வீங்கி அவள் நாலு நாளாய்ப் பள்ளிக்கூடம் வரவில்லை, ஆகையால் நான் டீச்சர் வேலைக்கு லாயக்கில்லை, மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா வாசித்துவிட்டு, வரட்டுமே, கல்யாணத்தைப் பண்ணி வைப்போம் என்கிறார். அவருக்கென்ன. நான் சொல்ல வேண்டியது வேறே இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு பாவத்தை அறிக்கையிட வேண்டும். உன் அம்மா பேசும் படம் பார்த்துவிட்டாள்.

சிரிக்காதே ஏட்டி. போதகர் காதில் விழுந்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கமே என்னைப் பற்றித்தான். குற்றாலத்தில் சாரல் கட்டியிருக்கிறது அல்லவா, சீசன் கூட்டத்துக்காக ஊருக்கு மேற்கே கூடாரம் அடித்துப் படம் காட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்துக் கதை, நல்ல வாத்தியாரும் முரட்டுப் பையனும், ஆட்டம் கூத்து ஒன்றும் கிடையாது என்று அடுத்த வீட்டு ஹைருன் பீவி சத்தியம் பண்ணி முதல் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடி அம்மா, என்ன சொல்வேன்! நம்ம கோயில் கதவு அகலத்துக்கு ஒரு முகம், அது மூச்சு விடுகிறது, கண்ணில் நீர் கட்டி உருண்டு வருவது தெரிகிறது, எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அந்த வாத்தியாருக்கோ கோபமே வருவதில்லை, வேட்டி மடிப்புக்கூடக் கலைவதில்லை. உன் டிரெயினிங் புத்தகத்திலும் பிள்ளைகள் மலர்கள் என்றுதான் போட்டிருந்தது, நீ சத்தம் போட்டு நெட்டுருப் போட்டது எனக்கு ஞாபகமிருக்கிறது. மலர் மையைக் கொட்டும் என்று ஒருத்தனும் எழுதவில்லை பார்த்தாயா.

படத்தில் அந்தப் பையன் புத்தகத்தைக் கிழித்து வாத்தியார் முகத்தில் எறிகிறான், வகுப்பு முழுக்கக் கூச்சல், அந்த இடத்தில்தான் அது நடந்தது. நம்ம நல்லதம்பி சார்வாள், நாற்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளைத் தோலை உரித்துப் படிக்க வைத்தவர், எனக்கும் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர், இப்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது, அவரையும் மருமகன் கூட்டிவந்து முன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். படம் விழும் துணியில் இருப்பது அவருக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கிறது. மனுஷர் விருட்டென்று எழுந்து கம்பைத் தரையில் தட்டி, ஏலே, என்னலே சத்தம், எல்லாரும் எந்திரிங்கலே என்று ஒரு அதட்டுப் போட்டார். ஞானப்பூ, கூடாரத்தில் பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்! ஏட்டையா நின்றார், புளியங்குடி எலுமிச்சங்காய்க் கமிஷன்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு நின்றார், பேரன் பேத்தி எடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் நானும் நின்றேன், நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை, ஹைருன் பீவி சேலையைப் பிடித்து இழுக்கிறாள். எங்கள் தலை நிழலெல்லாம் துணியில் விழுந்து அந்தச் சினிமா வாத்தியாரை மறைத்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பேர்ப்பட்ட குரல் அது.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரே ஒரு ஆள் நடந்து வந்தான். மாடக்கண்ணு, அங்கே சோடா விற்கிறவன். என்னோடு மூன்றாம் வகுப்புப் படித்தவன், அவனைப் போல அடங்காப்பிடாரி இந்த ஊரில் கிடையாது, சார்வாள் அடித்த ஒரு அடியோடு போனவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே திரும்பவில்லை. அவன் வந்து கிழவர் கையைப் பிடித்து, இது சினிமா சார்வாள், உக்காருங்க, யாரும் சத்தம் போட மாட்டாங்க என்று மெதுவாய்ச் சொன்னான். அவர் உட்கார்ந்தார், ஆனால் அந்தக் கையை விடவில்லை, தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். படத்துப் பையன் ஒரே பாட்டில் திருந்தி வாத்தியார் காலில் விழுந்தான், எல்லாரும் அழுதார்கள், நான் அதைப் பார்க்கவே இல்லை. சோடாப் பாட்டில்களை மறந்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடக்கண்ணுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சார்வாளுக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று ஊரே உங்களுக்காக எழுந்து நின்றதே என்றேன். அது பயத்துல எந்திரிச்ச கூட்டம் ரெபேக்கா, அத விடு, சுண்டுவிரல் வளைஞ்ச கை ஒண்ணு வந்து என்னைப் பிடிச்சுதே, அது நான் முறிச்ச விரலு, அன்னைக்குச் சாயந்தரமே அவன் வீட்டுக்குப் போயிருக்கணும், வாத்தியாரு போனா மரியாதை என்னாகும்னு இருந்துட்டேன், முப்பத்து மூணு வருசம் ஆச்சு என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். இன்றைக்கும் அவரைக் கண்டால் என் உள்ளங்கை வியர்க்கும், அப்படிப்பட்ட மனுஷர் அழுகிறார். புறப்படும்போது, மகள வேலைய விடச் சொல்லாத, அந்தப் புள்ள வீட்டுக்குப் போகச் சொல்லு என்றார்.

ஆகையால் மகளே, ராஜினாமா எங்கேயும் ஓடிப்போகாது, அதைப் பிறகு பார்த்துக்கொள். பாட்டெல்லாம் பாட வேண்டாம். அவள் தாய் ஏசினால் வாங்கிக்கொள், பதில் பேசாதே, பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிக்கொண்டு போ. அங்கே குளிர் அதிகம், காதைக் கட்டாமல் வெளியே போகாதே, அரிசிமாவு அனுப்பியிருக்கிறேன், பார்சலைப் பார்த்து வாங்கு. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக, அடித்த கையையும் சேர்த்து. இந்தக் கடிதம் வந்து சேரவே மூன்று நாள் ஆகும். வாசித்து முடித்தவுடனே புறப்படு ஞானப்பூ, அந்த விரல் கோணலாய்க் கூடிவிடுவதற்கு முன்னே போ.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெபேக்காள்