கீரையோடு வந்த இலை

இஞ்சேருங்கோ,

நான் செட்டிகுளத்தில அக்கா வீட்டில நிக்கிறன். போனில கதைச்சால் கத்திப்போடுவன் எண்டுதான் எழுதுறன்.

நீங்கள் வயல் வரம்பில பிடுங்கிக்கொண்டு வந்த கீரைக்குள்ள ஊமத்தங் குருத்தும் கலந்திருந்ததாம். நானும் பாராமல் அரிஞ்சு சமைச்சுப்போட்டன். ஊமத்தை இலையைக் கசக்கினால் கெட்ட மணம் வரும் எண்டு இப்பதான் தெரியும்.

உங்களுக்கு வாய் வறண்டது, கண்ணில கருமணி விரிஞ்சது, இல்லாத நூலைக் காத்தில பிடிச்சீங்கள். எல்லாம் அந்த நஞ்சு செய்யிற வேலை எண்டு டொக்டர் சொன்னார். "சாரங்கா, சாரங்கா" எண்டு கூப்பிட்டதும் நஞ்சோ எண்டு நான் அவரிட்டைக் கேக்கேல்லை. அவா முள்ளியவளையில உங்களோட படிச்சவா. ஒரு கலியாண வீட்டில எனக்குக் காட்டி, "சும்மா தெரிஞ்ச பிள்ளை" எண்டனீங்கள்.

நீங்கள் சாப்பிட்டு எழும்பின பிறகுதானே நான் எப்பவும் சாப்பிடுறனான். அதால எனக்கு நஞ்சு பிந்தித்தான் ஏறினது. அதுக்குள்ள நீங்கள் புலம்பினது எல்லாத்தையும் கேட்டிட்டன்.

பிறகு ஆஸ்பத்திரியில பொம்பிளையளின்ர வாட்டில கிடந்து நானும் புலம்பினனானாம். நேர்ஸ் பிள்ளை சிரிச்சுக்கொண்டு சொன்னா, உங்கட பேரை மட்டும்தான் சொன்னனானாம். வெக்கமாக் கிடக்கு.

அதையெண்டாலும் நஞ்சு செய்த வேலை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
பிந்திச் சாப்பிட்டவள்