கத்தரிக்கோல் தந்த யோசனை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் கழுத்து வலி குறைந்ததா? தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடக்காதே.

போன வாரம், என்னிடம் அறுவடை மெஷினுக்கு பிளேடு வாங்கிய விவசாயி புயலாகக் கடைக்குள் வந்தார். "யோவ், உன் பிளேடு பயிர்த் தாளை அறுக்கல, மெல்லுது! மழை வந்தா கதிர் மொத்தமும் போச்சு. வேற செட் எடு!"

காய்ந்த பயிருக்கு ஏற்ற பல் வெட்டிய பிளேடைத்தான் கொடுத்திருந்தேன். இருந்தாலும் புது செட் பெட்டியில் கை வைத்துவிட்டேன், பொய் சொல்வானேன். அப்போது உன் ஞாபகம் வந்தது. உன் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்க எடுத்துக் கிளம்பிய அன்று, "துணியை மெல்லுதுன்னா கூர் போகல, ஆணி தளர்ந்திருக்கு. வச்சிட்டுப் போங்க" என்று திட்டினாயே!

வயலுக்கே போய், மெஷினை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். கத்தியை அழுத்திப் பிடிக்கும் கிளிப்புகள் தளர்ந்திருந்தன. கத்தி இறுகாமலும் ஆடாமலும் ஓடும்படி அந்தக் கிளிப்புகளைச் சுத்தியலால் தட்டி இறக்கினேன். தாள் சீராக அறுந்தது. மழைக்கு முன்பே அறுவடையை முடித்துவிட்டார். செட் விற்கவில்லை, ஆனால் அவர் சொல்லி இன்னும் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லாம் உன் புண்ணியம்.

அந்த வேலையில் கத்தி பட்டுக் கையில் சின்னக் கீறல், மூன்றே தையல். நீ போட்டிருந்தால் இன்னும் நேராக இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் நாலு அனுப்பு. இங்கேயும் கிடைக்கிறது. இருந்தாலும் உன் டப்பாவிலிருந்தே எடுத்து அனுப்பு.

உன் வீட்டுக்காரன்