ஒரு சுற்று வலப்பக்கம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன், எழுதி முடிக்கும்போதும் அதே நினைப்பு இருக்குமா என்று எனக்கே தெரியவில்லை. ஏன் பேசுவதில்லை என்று நீ கேட்டும் இத்தனை நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். போனில் நீ பேசும்போதெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது, அதற்காகக் காத்திருந்தேன். போனில் சொன்னால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு இடுப்பு வலி மறுபடி வந்துவிட்டது, காருக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். நம் கார் ஷெட்டின் கூரைத் தகரம் ஒழுகி, கரண்ட் பார்க்கிற மீட்டர் நனைந்துபோனது, காயவைத்துத் திறந்து பார்த்தேன், பிழைத்துக்கொண்டது. தங்கைக்குப் பல் விழுந்துவிட்டது, யாராவது பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறாள். உனக்கு அங்கே குளிர் அதிகம் என்கிறார்கள், மார்புச் சளி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இதைக்கூட எழுதாமல் இருக்க முடியவில்லை பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இந்த மாதம் முழுக்க அந்தப் பொன்னை உரசிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெட்டை திரும்பி வந்துவிட்டான், அது உனக்குத் தெரியும். உன்னோடு ஒரே நாளில் பெட்டி தூக்கிப் புறப்பட்டவன், ஒரே ஒர்க்ஷாப்பில் உன்னோடு வேலை பார்த்து ஒரே அறையில் உன்னோடு படுத்தவன். வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று தெருவே பேசியது. அவன் வீட்டில் யாரும் அவனோடு சரியாகப் பேசவில்லை போலிருக்கிறது, நேராக நம் ஷெட்டுக்கு வந்து நின்றான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்து, "உன்னை உள்ள உக்கார வைக்க சீட்டையில்ல கழட்டணும்" என்று கேலி செய்துவிட்டு உன் மேஜையைக் காட்டினார். இப்போது அவன் அங்கேதான் வேலை பார்க்கிறான். உன் ஸ்க்ரூடிரைவர்களைக் கேட்டுக் கேட்டு எடுக்கிறான், எடுத்ததைத் துடைத்து வைக்கிறான். அவன் என்னை அக்கா என்பது உனக்குப் பிடிக்காது, எனக்குத் தெரியும். உன்னைச் சுமந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், வயிறு மேஜையில் இடிக்க இடிக்க மின்சாரப் பாடத் தேர்வு எழுதினேன், அதனால் ஊருக்கெல்லாம் நான் அக்கா, உனக்கு மட்டும்தான் அம்மா.

அந்தப் பாடம் எனக்கு மறந்துவிட்டது என்று நினைத்துத்தான் நெட்டைக்கு வேலை போன கதையை அன்றைக்குப் போனில் அவ்வளவு விரிவாகச் சொன்னாயோ என்னவோ. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரியா என்று பார். வாடிக்கைக்காரர் அம்மா ஒருத்தரின் காரில் ஸ்டியரிங் மேல் இருக்கிற பாட்டு பட்டன், போன் பட்டன், ஹார்ன் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போகிறது என்று, நீங்கள் இருவரும் வேலை பார்த்து அனுப்பிய வண்டி திரும்பி வந்தது. "வலது பக்கம் திருப்பினா போயிடும்மா, நேரா விட்டா வந்துரும், ஒரே பேஜாரு" என்றாய். பட்டனைக் கழற்றி ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தது நெட்டை, அவன் சால்டர்தான் விட்டுப்போச்சு என்றாய். சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி வைத்து அவனைக் காரில் உட்காரவைத்து ஹார்னை அமுக்கச் சொன்னார், சத்தமே வரவில்லை, "ஊதுடா, வாயால ஊதினாலாவது வருதான்னு பாப்போம்" என்றார், எல்லோரும் சிரித்தோம் என்றாய். சொல்லும்போதே மறுபடி சிரித்தாய். அப்புறம் நீ தனியாக உட்கார்ந்து புதுப் பட்டன் மாட்டினாய், வண்டி சரியாகிவிட்டது, சூப்பர்வைசர் உன் தோளில் தட்டினார். இதுதானே.

பட்டன் ஸ்டியரிங்கோடு சேர்ந்தே சுற்றுகிறது. அதன் சால்டருக்கு இடம் எது வலம் எது என்று தெரியாது. விட்டிருந்தால் நேராக இருக்கும்போதும் விடும், ஒரு பட்டன் போகும், ஒன்று இருக்கும். எல்லாம் ஒன்றாகச் செத்து, நேராக்கினால் ஒன்றாக உயிர் வருகிறது என்றால் கோளாறு பட்டனில் இல்லை, ஸ்டியரிங்குக்கு அடியில் பட்டனுக்குக் கரண்ட் கொண்டுபோக நாடா போலச் சுற்றி வைத்திருக்கிறார்களே சுருள் கேபிள், அதில்தான். நடு பார்த்து மாட்டாத சுருள் ஒரு பக்கம் திருப்பும்போது நீளம் பற்றாமல் இழுபட்டு உள்ளே பிய்ந்துபோகும், நேராக்கினால் தளர்ந்து பிய்ந்த முனைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும். இது நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. பிய்ந்த சுருள் புதுப் பட்டனால் ஒட்டாது. அப்படியானால் நீ சுருளையும் சத்தம் இல்லாமல் மாற்றியிருக்கிறாய். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தே மாற்றியிருக்கிறாய்.

இதை யோசித்த பிறகும் என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான் என்று ஒரு மனது சொல்லிக்கொண்டே இருந்தது. நெட்டையிடம் ஒரு காரைக் கொடுத்துச் சுருளை மாட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். புதுச் சுருள் நடுவிலிருந்து நகராமல் இருக்க மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வருமே, திருகெல்லாம் இறுகிய பிறகுதான் அதில் கை வைத்தான். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். முதலில் அதைத்தான் கிழிப்பாய், பிறகு சுருளை விரலில் மாட்டிப் பம்பரம்போல் சுற்றிக்கொண்டே கதை பேசுவாய். அதற்காக என்னிடம் எத்தனை முறை அடி வாங்கியிருக்கிறாய். அந்த அம்மா காரில் சுருளை யார் மாட்டினது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "அவன்தான்கா மாட்டினான், பட்டன் மட்டும் நான் பாத்தேன். அவன் கதை சொல்ல ஆரம்பிச்சா கை சும்மா இருக்காதே, சுத்திக்கிட்டேதான் இருப்பான்" என்று சிரித்தான். அவன் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, உன்னை நினைத்துச் சிரித்தான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பயத்தில் பழியைத் தள்ளிவிட்டாய், பிள்ளைப்புத்தி என்று நினைத்திருப்பேன். அன்றைக்கு ஹார்னை அமுக்கியபோது ஸ்டியரிங் எப்படி இருந்தது என்று கேட்டேன். நேராகத்தான் இருந்தது என்றான். நேராக இருந்தால் வந்துவிடும் என்று நீதானே சொன்னாய், பிறகு ஏன் வரவில்லை. அவனுக்கு அந்த விஷயமே தெரியாது, யாரும் அவனிடம் சொல்லவில்லை. பிறகு அவனாகவே சொன்னான், "எனக்குக் கை நடுங்குச்சுக்கா, ஸ்டியரிங் ஆடிடக் கூடாதுன்னு அவன்தான் எனக்கு முன்னாடியே ஏறி உக்காந்து சரி பண்ணி வச்சான், பக்கத்துல நின்னு புடிச்சுக்கவும் செஞ்சான்." புரிகிறதா. ஒரு முழுச் சுற்று வலப்பக்கம் திருப்பி வைத்தால் ஸ்டியரிங் பார்க்க நேராகத்தான் இருக்கும். கீழே சக்கரம் திரும்பியிருப்பதை உள்ளே உட்கார்ந்திருப்பவன் எங்கே பார்க்கப்போகிறான். பிய்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஆடாமல் பிடித்துக்கொண்டு, அவனை அமுக்க வைத்து, எல்லோரோடும் சேர்ந்து நீயும் சிரித்தாய். உன் நண்பன் அதை உதவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பழி சுமக்கிறவன் நன்றியும் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். சால்டர் வைத்த இடத்தை விளக்கின் கீழே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். நல்ல சால்டரைப் பிரித்துவிட்டு மறுபடி வைக்கிறான். வேலை முடிந்தால் ஹார்னை அவன் அமுக்குவதில்லை, என்னைக் கூப்பிடுகிறான், நான் அமுக்கும்வரை ஷெட் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். சத்தம் வந்த பிறகுதான் உள்ளே வருகிறான். "எனக்கு இந்த வேலை வராதோக்கா" என்று நேற்றுக் கேட்டான். ஒரு வார்த்தையில் நான் அதைத் தீர்த்துவிடலாம். தீர்க்கவில்லை. அவன் நிற்கிற ஒவ்வொரு நாளும் நான் வாயை மூடிக்கொண்டு ஹார்னை அமுக்குகிறேன், ஏனென்றால் அது உன் வாயிலிருந்து வர வேண்டும். நான் சொன்னால் அவனுக்கு வேலை தெரியும் என்று ஆகும், அவ்வளவுதான். நீ சொன்னால்தான் நீ மனிதன் என்று ஆகும். இதைக் கொடுமை என்று நீ சொல்லலாம், கொடுமைதான், உன்னைப் பெற்றதற்கு நான் வாங்கிக்கொண்டது.

அதே சூப்பர்வைசரிடம், அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் நிற்கும்போது சொல். பிறகு நெட்டைக்குப் போன் போடு. வேலை போய்விடுமே என்று பயந்தால் வீட்டுக்கு வந்துவிடு, கதவு திறந்திருக்கும், சாப்பாடும் உண்டு, ஆனால் அந்த மேஜை இனி உனக்கு இல்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. உன்னைப் பற்றி யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார், இடுப்பு வலியோடு அது எத்தனை நாள் நிமிர்ந்திருக்குமோ.

நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு. இரவில் மார்பில் துணி சுற்றிக்கொண்டு படு. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டித் தபாலில் சேர்க்கப்போகிறவன் நெட்டைதான், பிரித்துப் பார்க்க மாட்டான், அது உனக்கும் தெரியும். "நான் ரொம்ப விசாரிச்சதா ஒரு வரி எழுதுங்கக்கா, அவன் அங்க தனியா இருப்பான்" என்றான். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா