பாதியில் எழுந்து வந்த படம்

அந்தப் படத்தில் அண்ணனும் தங்கையும் கடைசியில் பேசிக்கொண்டார்களா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாமலே போயிற்று.

பக்கத்து வீட்டில் காவலுக்கென்று ஒரு வாத்து வாங்கி விட்டிருக்கிறார்கள். இன்று காலை அது கழுத்தை நீட்டிக் கத்தியதும் காபித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. உன் சிரிப்பை நினைக்க எனக்கு ஒரு வாத்து வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் பிலிம் சொசைட்டிக்காரர்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் திரை கட்டிக் காட்ட, நாம் இருவரும் பார்த்த படம். அயர்லாந்தில் ஒரு சிற்றூர். ஓயாத மழை, கல்வேலி, சைக்கிளில் போகும் பாதிரியார், ஊருக்கே ஒரு மதுக்கடை. கடையை நடத்தும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை வளர்ப்பு வாத்திடம் சொல்வார்கள். "சூப் ஆறுகிறதென்று அந்த மனிதனிடம் சொல்" என்பாள் தங்கை. வாத்து ஒருமுறை கத்தும். "பசியில்லை என்று சொல்" என்பான் அண்ணன். வாத்து யார் கட்சி என்று குடிக்க வந்தவர்கள் சண்டை போடுவார்கள். அவர்கள் பேசிய ஆங்கிலம், எம்.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கே பாதிதான் புரிந்தது.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். "ஏம்புள்ள, இது எங்க ஊடு. அந்த வாத்துதான் எங்கம்மா," என்றாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னையில் மேலே படிக்க உனக்கு இடம் கிடைத்தபோது, படித்தது போதும் என்று தடுத்தவர் உன் அண்ணன். அதிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு வருடம் பேச்சில்லை. உன் அம்மாதான் சமையலறைக்கும் கூடத்துக்கும் சேதி சுமந்தார். படம் பார்த்த மறுநாள் மாலை உன் அண்ணனுடைய கல்யாணத்துக்கான இணைச்சீர். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் உட்கார வேண்டிய சீர். நீ ஒருத்திதான் தங்கை. உட்கார மாட்டேன் என்று சொல்லியிருந்தாய். உனக்குப் பதிலாகச் சித்தப்பா மகளைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். தையற்கடையில் ஜாக்கெட் வாங்கிவருவதாகச் சொல்லித்தான் அன்று நீ டவுனுக்கு வந்ததே.

கடைசி பஸ்ஸுக்காகப் படத்தின் பாதியில் எழுந்தோம். உன் வீட்டுக்கு நானும் வந்தேன்.

"நாளைக்கு என்ன பண்ணப்போற?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"படத்துல என்ன பண்ணியிருப்பாங்க?"

"சினிமாவுல எல்லாரும் கடைசில கட்டிப்புடிச்சுக்குவாங்க. அதுக்குத்தானே சினிமா."

"சரியான வறட்டுப்புள்ள நீ," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஒரு படம் மனிதரை மாற்றும் என்று இன்றும் நான் நம்புவதில்லை. ஆனால் யாரோடு மனத்தாங்கல் வந்தாலும் ஆள்வைத்துப் பேசுவதில்லை. எதிரே போய் நின்று சொல்லிவிடுகிறேன். அது உன் வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

மறுநாள் நடந்தது இது. நேரமானதும் நீயாகவே வந்து மணையில் உட்கார்ந்தாய். சித்தப்பா மகள் ஒதுங்கிக்கொண்டாள். கூறைப்புடவையின் ஒரு முனையை அண்ணன் கையிலும் மறுமுனையை உன் கையிலும் கொடுத்தார்கள். உனக்கு இடம் போதவில்லை. நிமிராமல், "அம்மா, அவங்களக் கொஞ்சம் நகந்து உக்காரச் சொல்லுங்க," என்றாய்.

உன் அம்மா கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "நீயே சொல்லு கண்ணு. எனக்கு வேல கெடக்குது," என்று பந்திப் பக்கம் போய்விட்டார்.

பிறகு உன் அண்ணன், "எந்தப் பக்கம் நகரோணும், அம்மணி?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கமுங்ண்ணா," என்றாய்.