பன்னிரண்டு ரொட்டி கொள்ளும் அடுப்பு

என் வீட்டுக்காரிக்கு,

நான் வாயால் சொல்ல, எதிர்வீட்டுத் தையற்காரம்மா கையால் எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். மகள் போனைச் சமையல் மேடைமேல் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி விடுகிறாள். சாப்பிட்டாச்சா என்கிறாய், ஆச்சு என்கிறேன், பேத்தி அழுகிறாள், அத்தோடு சரி. மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனாய். பதினாறு மாதம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

ஒரு சேதி. கொல்லையில் மண் அடுப்பு கட்டியிருக்கிறேன். ரொட்டி சுடுகிற அடுப்பு. துவைக்கிற கல்லுக்கும் பின்சுவருக்கும் நடுவில். கொடிக்கயிற்றை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டிவிட்டேன், கோபப்படாதே. இப்போது அதில் காய்வது என் இரண்டு சட்டைதான்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், மழை விட்ட மறுநாள் காலை, நீ பச்சைப் புடவையை உதறிக்கொண்டே ஒன்று சொன்னாய். "ஊருக்கெல்லாம் ரொட்டி சுடுறீங்க. நம்ம வீட்டுக்கு வர்றது ஆறிப்போனதும் உடைஞ்சதும்தான். கொல்லையில ஒரு சின்ன அடுப்பு போட்டா என்ன?" நான் பேக்கரியில் ராத்திரி வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்தேன். "வீட்டுக்கு வந்தும் அடுப்பு மூஞ்சியிலதான் முழிக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன். நீ புடவையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். அப்புறம் நீ கேட்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம். எனக்கு எழுத்துதான் ஏறாது, மற்றது எதுவும் இறங்காது.

கட்டியது இப்படி. கீழே செங்கல் பரப்பினேன். அதன்மேல் ஈர மணலைக் கவிழ்த்த கூடை போலக் குவித்து, நனைத்த செய்தித்தாளை ஒட்டினேன். களிமண்ணில் மணலும் நறுக்கிய வைக்கோலும் போட்டு மிதித்து, ஒரு சாண் கனத்துக்கு மேலே பூசினேன். நாலு நாள் கழித்து முன்னால் வாய் வெட்டி, உள்ளே இருந்த மணலைக் கையால் வாரி எடுத்தேன். கூரை நின்றது. அப்புறம் தினமும் சுள்ளி போட்டுச் சின்னத் தீ. அவசரப்பட்டால் வெடித்துவிடும். எனக்கென்ன அவசரம்? கிட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், பொழுது போயிற்று.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன பெரியவரே, இருக்கிறது நீங்க ஒருத்தர். இதுக்குள்ள நீங்களே கால் நீட்டிப் படுத்துக்கலாம் போலிருக்கே" என்றார். "வாயைக் கழுவுய்யா" என்றேன். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் விலகி நின்று பார்த்தேன். பேக்கரிக்காரன் புத்தி. சின்ன அடுப்பு என்று நினைத்துத்தான் தொடங்கினேன், கை அதன் பாட்டுக்குப் பெரிசாக்கிவிட்டது. பன்னிரண்டு ரொட்டி கொள்ளும்.

பாதி காலியாக விட்டால் ரொட்டி ஒழுங்காக வேகாது. அதனால் பன்னிரண்டுக்கும் மாவு பிசைந்தேன். முதல் ஈட்டில் அடி கொஞ்சம் கருகிவிட்டது, தணலை நான் இன்னும் நன்றாக வாரியிருக்க வேண்டும். கொத்தனாருக்கு இரண்டு, தையற்காரம்மாவுக்கு இரண்டு, ஒன்றைச் சூடு ஆறாமல் அடுப்போரம் வைத்துவிட்டு, மீதியைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனேன். கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்த பெண், "என்ன விசேஷம் தாத்தா?" என்றாள். ஒன்றுமில்லை, அடுப்பு பெரிசு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாவது என் பங்கு. அடுப்பு வாய்கிட்டே நின்றபடி சுடச்சுடப் பிய்த்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. பாதியை மூடி வைத்துவிட்டேன். இந்த வரியை எழுதவா என்று தையற்காரம்மா கேட்கிறார். எழுதச் சொன்னேன்.

போன வாரம் மகள் பேசியது உனக்குத் தெரியும். "அம்மா இங்கேயே இருக்கட்டும்பா. நீங்களும் வந்துடுங்க, வீட்டை விலைக்குக் குடுத்துடலாம். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறாள். அவள் பேசும்போது பின்னால் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. மூடின பிறகும் ஒரு திருகு. அது நீதான். நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நானும் அங்கே வந்து இருந்து பார்த்தவன்தானே, பதினொரு நாள். நாலாவது மாடி. யார் நடந்தாலும் என் நாற்காலியை நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக நீ எனக்குப் பயந்து முடிவு செய்யக் கூடாது. பேத்தி உன் மடியில்தான் தூங்குவாளாம். அங்கே உனக்கு மனசு நிறைந்திருந்தால் அதுவும் எனக்குத் தெரிய வேண்டும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நீ ஐந்தாவது வரை படித்தவள், பெரிதாக எழுதிவிடுவாய். அதை இன்னொருவர் படித்துத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கும். இந்த ஒரு சேதியை யார் வாயாலும் கேட்க எனக்கு விருப்பமில்லை. பேக்கரியில் வெறும் ரொட்டிக்கு மேலே ஒரு கீறல், இனிப்பு ரொட்டிக்கு இரண்டு. நாற்பது வருஷத்தில் நான் படித்த எழுத்து அவ்வளவுதான். ஒரு தாளில் நீ வருவதானால் ஒரு கோடு போடு. அங்கேயே இருக்க ஆசையானால் இரண்டு. வேறு எதுவும் எழுத வேண்டாம். இரண்டு என்றால் வீட்டைக் கொடுத்துவிடலாம் என்று மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், என் யோசனை போலவே. நீ வாய் திறக்க வேண்டாம்.

பேத்திக்குக் கடைவாய்ப் பல் முளைத்ததற்கு என் ஆசீர்வாதம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்காதே, உன் வலது முழங்காலுக்கு ஆகாது. எல்லாரும் நன்றாக இருங்கள்.

எதைப் போட்டாலும் பேனாவை அழுத்திப் போடு. கண் முன்போல இல்லை. வெளிச்சத்தில் பிடித்து நானே பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)