முசே வீட்டு இலை

முசே, நேற்று மத்தியானம் என் மருமகள் காரக்குழம்புக்கு வடகம் தாளித்தாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்த நேரத்தில்தான் உங்கள் மகன் போன் செய்தான்.

"அப்பா தவறிட்டாரு சார். பூப்பல்லக்கு வெச்சி பெரிசா எடுத்தோம். உங்கள அடிக்கடி சொல்லுவாரு, நம்ம வூட்டு வாத்தியாருன்னு. காரியத்துக்கு ஒரு சின்ன புக்கு போடறோம் சார், நீங்க நாலு வரி எழுதித் தரணும்."

எழுதுகிறேன் என்றேன். சாப்பிட உட்கார்ந்து, குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன். உங்கள் வீட்டு வாசனை அது. எழுதுவதென்று எடுத்ததுதான் இந்தக் கடுதாசி. உங்கள் மகனுக்கு இதை அனுப்பப் போவதில்லை. அவன் நல்ல பிள்ளை, அப்பாவைப் பற்றி அவனுக்கு இது தெரிய வேண்டாம். உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நான் புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம் வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காகிதத்தில் இன்னும் அது அவன் தேசம்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். அது போதாதா, திருநெல்வேலியில் என் அம்மா தெரு முழுக்க "எம் புள்ளைக்கு வெளிநாட்டுல உத்தியோகம்" என்று சொல்லித் தீர்த்துவிட்டாள். பிரெஞ்சு இருந்த இடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. எனக்கு வேலை தேவைப்பட்டது. கடலூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, தகரப் பெட்டியோடு உங்கள் ஊர் முனையில் வந்து நின்றேன். வெளிநாட்டில் எல்லாரும் தமிழில்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்களே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். ஊரில் பாதி நிலம் உங்களுடையது. கொம்யூன் பஞ்சாயத்தில் உங்கள் சொல்தான் செல்லும். வெள்ளைக்காரன் இருந்தவரை தொப்பியும் கோட்டுமாக இருந்தவர், கொடி இறங்கிய மறுநாளே கதருக்கு மாறிவிட்டீர்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் "அண்ணாச்சி" என்று கும்பிட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"இன்னா சார், மளிகைக் கடைக்காரன கூப்புடற மாரி? இங்க எல்லாரும் முசேன்னுதான் சொல்லுவாங்க."

பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். அன்றிலிருந்து நீங்கள் எனக்கும் முசே. ஒற்றை ஆள், எங்கே சமைப்பீர்கள் என்று உங்கள் வீட்டு முன்னறையைக் கொடுத்தீர்கள். சாப்பாட்டுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டபோது உங்கள் முகம் மாறியது. "என் வூட்டுல சோறு விக்கறதில்ல சார்" என்றீர்கள். எவ்வளவு பெரிய மனசு என்று அம்மாவுக்கு எழுதினேன். அப்படி ஒரு வெகுளியாக இருந்தேன்.

உங்கள் குணம் முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிரெஞ்சு வழக்கப்படி வியாழக்கிழமை விடுமுறை. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் தலை வாரி, சட்டை மாட்டி, சாக்கட்டியோடு கிளம்புவதை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பூட்டிய கதவின் முன்னால் வெயில் ஏறும் வரை உட்கார்ந்துவிட்டு வந்தேன். இலையில் சோறு விழும்போதுதான் "இன்னைக்கு லீவு ஆச்சே சார்" என்றீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் இலை போடுவார்கள். ஏரி விரால், கத்தரிக்காய், மொச்சை, எதில் பார்த்தாலும் வடகம். அக்கா, உங்கள் மனைவி, பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவார். நீங்கள் தினமும் அந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்.

"இன்னைக்கு எந்தப் புள்ள சார் நல்லா படிச்சுது?"

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்கிற நிலக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. வாய் நிறையச் சொன்னேன். சேரியிலிருந்து வரும் ஒருவனைச் சொன்னேன், கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்கிறான் என்று. அடுத்த வாரம் அவன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். இன்னொருவனைச் சொன்னேன், அவனும் நின்றான். பிறகு அஞ்சலையைச் சொன்னேன்.

அஞ்சலைக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். அப்பனும் ஆயியும் உங்கள் நிலத்தில்தான் வேலை. பலகையில் நான் எழுதி முடிக்கும் முன் அவள் வாசித்துவிடுவாள். தப்பாகச் சொன்னால் அவளுக்கே கோபம் வந்து தலையில் குட்டிக்கொள்வாள். அன்று உங்களிடம், "முசே, இந்தப் பெண் ஒரு நாள் டீச்சராக வருவாள், பாருங்கள்" என்றேன். நீங்கள் எனக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொன்னீர்கள்.

அவளும் மறுநாள் வரவில்லை. அந்த வியாழக்கிழமை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கரைக்குக் கீழே "கம் ஹியர், கம் ஹியர்" என்று ஒரு குரல் கேட்டது. உங்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு அஞ்சலை நின்றாள். ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

"நீங்கதான சார் ஆண்டேகிட்ட சொன்னீங்க, நான் நல்லா படிக்கறன்னு?"

முசே, அப்போதுதான் எனக்கு உங்கள் கேள்வி புரிந்தது.

அன்று இலையில் உட்கார்ந்ததும் அவளை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். நீங்கள் பிசைந்த கையை நிறுத்தக்கூட இல்லை.

"நல்லா படிச்சதெல்லாம் டவுனுக்குப் பூடும் சார். அப்பறம் என் நெலத்துல நாத்து நடறது யாரு, நீங்களா? மக்குப் புள்ளைங்க வரட்டும். நான் வேணான்னா சொன்னன்?"

"அப்புறம் எதற்கு எனக்குச் சோறு போடுகிறீர்கள்?"

"என் வூட்டு சோத்த துன்றவரு என் வூட்டு மனுசன். வேற யாருகிட்ட போயி கேப்பன்?"

பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அந்த மடிப்பின் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போனேன். உங்கள் தெருவில் ஒருத்தரும் எனக்கு அறை தரவில்லை. மூன்று கல் அடுப்பு வைத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கஞ்சி காய்ச்சினேன். உங்களைத் தோற்கடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலையின் ஆயி வந்து பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஆண்டே நடவுக்கு எங்கள கூப்புடல அய்யா. கடலூர் பக்கத்து ஆளுங்கள எறக்கிட்டாரு. வாத்தியாரு திரும்பி வர வரைக்கும் சேரிக்கு வேல இல்லன்னுட்டாரு. அந்த சோத்த நீ அங்கயே போயி துன்னுடேன் அய்யா. நீ துன்னாதான் எங்க வூட்டுல அடுப்பு எரியும்."

இப்படி ஒரு கெஞ்சலை நான் கேட்டதில்லை. பட்டினி கிடக்கிறவள் என்னைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள். அதைச் செய்தது நீங்கள். எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன் முசே. அந்தப் பெண்ணை அப்படி வாசலில் நிறுத்தியதற்காக உங்களை மன்னிக்கவே மாட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். "எல போட்டுத்தான் வெச்சிருக்குது, உக்காருங்க சார்" என்றீர்கள். அஞ்சலை பள்ளிக்கூடம் வந்தால்தான் உட்காருவேன் என்றேன்.

"அது மக்குதான சார்? மக்குன்னா வரட்டும்."

உட்கார்ந்தேன். சோற்றில் கை வைத்தேன். "மக்குதான்" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நான் அந்த ஊரில் இருந்த வருஷங்களில், உங்கள் வீட்டுக் கணக்குப்படி, என் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பிள்ளையே கிடையாது. நீங்கள் தினமும் கேட்டீர்கள். எல்லாம் மண்டூகம், எதற்கும் உதவாது என்று நான் தினமும் சொன்னேன். பொய் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்தான் உங்களுக்கு ருசி. முன் பெஞ்சில் உங்கள் மகன் உட்கார்ந்திருந்தான். கேட்டதையெல்லாம் கள்ளமில்லாமல் வீட்டில் ஒப்பிப்பான். அதனால் வகுப்பிலும் என் வாய் கட்டிப்போயிற்று. அஞ்சலை ஒரு தப்பும் இல்லாமல் எழுதிக் கொண்டுவந்து நிற்பாள். நான் சிலேட்டைப் பார்த்துவிட்டு, "போய் உட்கார்" என்பேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஆனாலும் அவள் வந்தாள். எட்டாவது வரை வந்தாள். அடுத்து டவுன் ஹைஸ்கூலில் சேர வேண்டும். அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

வழியனுப்பு விழாவில் மாலை போட்டது நீங்கள். "நம்ம வூட்டு வாத்தியாரு" என்று பேசினீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். கும்பலை விலக்கிக்கொண்டு அஞ்சலை முன்னால் வந்தாள். பாவாடை தாவணியில் வளர்ந்து நின்றாள்.

"சார், போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நான் நல்லா படிச்சனா, இல்ல நெஜமாவே மக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அந்த ஜூனில் உங்கள் வயலில் நிற்பாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. பஸ் வரை என்னைவிட்டு நீங்கள் நகரவே இல்லை.

"சுமார்தான்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு கும்பலுக்குள் போய்விட்டாள். ஹைஸ்கூலில் சேர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த மட்டும் நான் ஜெயித்தேன். நேற்று உங்கள் மகனிடம் அஞ்சலை எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன்.

"யாரு சார், நீங்க மக்கு மக்குன்னு சொல்லுவீங்களே, அந்தப் பொண்ணா? டவுனு பக்கம் பூட்டாங்க சார். எங்க இருக்காங்கன்னு தெரியல."

ஊரில் அவளைப் பற்றி மிஞ்சியிருப்பது அதுதான். நான் சொன்ன வார்த்தை.

என் மகளும் மகனும் படித்து ஆளானார்கள். மார்க்கோடு வந்து நிற்கும்போதெல்லாம் "சரி, வை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்பா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராது என்று மகள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். நான் அவளுக்கு உங்கள் கதையைச் சொன்னதில்லை.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது பேத்தி இங்கிலீஷ் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். முத்து முத்தான எழுத்து, ஒரு தப்பு இல்லை. "எப்படித் தாத்தா?" என்று கேட்டாள். இனி யாருக்குப் பயம், நீங்கள்தான் செத்துவிட்டீர்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்ல வாயெடுத்தேன். கண் தானாக வாசல் பக்கம் போய், யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தது.

"சுமார்தான்மா" என்றேன்.