மருந்துக்கடை காலண்டரில் இருந்த ஏரி

பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வேண்டும், ஆனால் கேட்ட உடனே ஒரு மலையை அனுப்பிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. ஃபோனில் பேசினால் நல்லாருக்கேன்பா, நல்லாருக்கேன்பா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய். ஃபோனில் நம் குடும்ப குரூப்பில் எழுதினால் உன் மாமா, சித்தப்பா எல்லாரும் படிப்பார்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ வேலைக்கென்று போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை நாற்பத்தொரு படம் அனுப்பியிருக்கிறாய் என்று சின்னவள் எண்ணிச் சொன்னாள். பனி மூடிய மலை, பாலைவனத்து மணல்மேடு, பெரிய அருவி, கடலுக்கு மேலே கறுத்துத் திரண்ட மேகம், வானத்தை இரண்டாகக் கிழிக்கிற மின்னல். மெஷின் பழுதுபார்க்க ஊர் ஊராக அனுப்புகிறார்கள், போகிற இடத்திலெல்லாம் எடுக்கிறேன் என்றாய், நம்பினோம். பனிப்படம் வந்த அன்று காதை மூடிக்கொண்டு போ என்று எழுதினேன், நீயும் கூசாமல் சரிப்பா என்று பதில் போட்டாய். மின்னல் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, இவன் எதற்கு வெட்டவெளியில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். யாரோ எடுத்த மின்னலுக்கு நான் பயந்திருக்கிறேன்டா! அது போகட்டும், நாற்பத்தொன்றில் ஒன்றிலாவது உன் தலை உண்டா? முடிவெட்டுகிறவன் மகன் நீ. ஊரார் தலையை வைத்துத்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எனக்குப் பார்க்கக் கிடைக்காதது உன் தலை ஒன்றுதான்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று யோசிப்பாய், சொல்கிறேன். நீ அனுப்பியதிலேயே எனக்குப் பிடித்தது அந்த ஏரி. காலை வெளிச்சம், ஓரத்தில் ஒரு படகு, தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்த ஒரு மரம். அதைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, கடையில் பின்சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு எதிர்க் கண்ணாடியில் தெரியட்டும் என்றுதான் அந்த இடம். என் பையன் எடுத்தது என்று சொல்லாமல் ஒருவர் கழுத்திலும் துணி கட்டியதில்லை. போன வாரம் மருந்துக்கடைக்காரர் ஒரு காலண்டர் கொடுத்தார், அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினேன். இந்த மாதத் தாளைத் திருப்பிய அன்று தபால்காரர் பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று, என்னங்க இது, உங்க பையன் எடுத்த படத்தைக் காலண்டர்ல போட்டிருக்கான், உங்களை ஒரு வார்த்தை கேட்டானா என்றார். பார்க்கிறேன், காலண்டரிலும் அதே ஏரி, கண்ணாடிக்குள்ளும் அதே ஏரி. படகு இரண்டிலும் இடது பக்கம். திரும்பிப் பின்சுவரைப் பார்த்தால் மட்டும் படகு வலது பக்கம் நிற்கிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை. முப்பது வருஷமாகக் கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிறவன் நான், கண்ணாடியில் ஒன்றாகத் தெரிந்தால் எனக்கு ஒன்றுதான். என் மகன் படத்தைத் திருடிவிட்டார்கள் என்று ரத்தம் கொதித்தது.

தபால்காரரை நுரையோடு அப்படியே விட்டுவிட்டுச் சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். கடை நிறையக் கூட்டம். என் பிள்ளை எடுத்ததை எவனய்யா அச்சடிச்சான், அந்தக் காலண்டர் கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்க என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அந்த மனிதர் உள்பக்கம் திரும்பினார். அலமாரித் தட்டில் விரித்திருந்த ஒரு பழைய காலண்டர் தாளை, மேலிருந்த மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துவிட்டு உருவி என் கையில் கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முந்தியது. அதே ஏரி, அதே படகு, அதே சாய்ந்த மரம். கீழே பொடி எழுத்தில் எடுத்தவர் பெயர், வேறு யாரோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ இங்கே என் கடையில் தரை கூட்டிக்கொண்டிருந்தாய். மருந்துக்கடைக்காரர் ரொம்ப மெதுவாக, கோபப்படாதீங்க, பிள்ளைங்க இப்படித்தான் என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் மானம் கப்பலேறிவிட்டது. திரும்பி வந்தால் தபால்காரர் காய்ந்துபோன நுரையோடு, என்ன சொன்னான் என்று ஆவலாகக் கேட்கிறார். கத்தி மழுங்கிடுச்சு, சவரத்தை நாளைக்கு வெச்சுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். சின்னவளிடம் சொன்னால், இடம் வலமாத் திருப்பிப் போட்டா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சிருப்பான் என்கிறாள். வேறு யாரிடம் வேண்டுமானாலும் இது பலித்திருக்கும், கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற அப்பனிடமா பலிக்கும்? காதோரம் கத்தி வைத்து வேலை செய்கிறவன் காதிலேயே பூச்சுற்றியிருக்கிறாய். ஃபோனில் தேடித் தேடி இருபத்துமூன்று படம் வேறு ஆட்கள் எடுத்தது என்று அவள் காட்டினாள், போதும்மா நிறுத்து என்று நான்தான் சொன்னேன்.

இதைவிடப் பெரிய கோபம் உன் அம்மா மேல். எல்லாவற்றையும் சொல்லிக் குதித்தேன், அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், எனக்கு எப்பவோ தெரியும் என்றாள். தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் உன் ஊரில் வெயிலா மழையா என்று ஃபோனில் பார்ப்பாளாம். பதினோரு நாள் விடாமல் மழை என்று காட்டியபோது நீ ரூமுக்குப் பக்கத்தில் எடுத்தது என்று பளிச்சென்ற வெயிலில் ஒரு புல்வெளியை அனுப்பினாயாம், அன்றைக்கே புரிந்துவிட்டதாம். ஏன்டி சொல்லவில்லை என்றால், நீங்க அந்தப் படத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, கெடுக்க மனசு வரல என்கிறாள். ஆளுக்கு ஒரு பக்கம் என்னைச் சந்தோஷமாக வைத்திருக்கிறீர்களாம். நான் என்ன சின்னப் பிள்ளையா?

பிறகுதான் இன்னொன்று சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நீ தவறுதலாக ஒரு படம் அனுப்பிவிட்டு அடுத்த நிமிஷமே அழித்தாயாமே, அந்த ஒரு நிமிஷத்தில் அவள் பார்த்துவிட்டாள். ஒரு கட்டில், அழுக்குச் சட்டை, சின்ன ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு செங்கல் சுவர், அதில் துருப்பிடித்த குழாய். உச்சியில் துண்டுக் காகிதம் அளவுக்கு வானம். ஜன்னல் கண்ணாடியில் மங்கலாக நீ. முடி காதை மூடித் தோளில் கிடந்தது என்று சொல்லும்போது அவள் கை நின்றுவிட்டது. அதன் பிறகு என் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறது. வேலை இருக்கிறதா, போய்விட்டதா? இல்லை, ஆரம்பத்திலிருந்தே அப்படி ஒரு வேலை கிடையாதா? எதுவானாலும் எழுது. மலை தெரிகிற ஜன்னல் இருந்தால்தான் பிள்ளை என்று நான் எப்போதாவது சொன்னேனா? நான் பார்க்கிறதும் எதிர்ச் சுவரைத்தான், அதில் கண்ணாடி மாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே இருக்க முடியவில்லை என்றால் கிளம்பி வா, இரண்டாவது நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. இருக்கத்தான் போகிறாய் என்றால் இரு, பொய் சொல்லாமல் இரு.

முதலில் முடியை வெட்டிக்கொள். உனக்கு உச்சியில் இரண்டு சுழி, தெரியாதவன் குட்டையாக வெட்டினால் குத்திட்டு நிற்கும், மேலே கொஞ்சம் நீளம் விடச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒரு கெடுதலும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா சொல்லச் சொன்னதும் அதுதான். ஏரியைக் கழற்றியது கழற்றியதுதான், பின்சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் படம் எங்கே என்று கேட்கிறார்கள், பையன் வேறு அனுப்புகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ அழித்தாயே, அந்தச் சுவரை அனுப்பு. அது ஒன்றுதான் நீ எடுத்தது.

இன்னும் கோபம் தணியாத
உன் அப்பா